மண் சரிந்த அன்று கேட்ட ஜெபம்

சபைகளில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடுகிறவர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "பயப்படாமல் பிள்ளைகளைக் காப்பாற்றிய நம் சகோதரி" என்று அறிமுகம் செய்வார். அன்றைக்குப் பயந்ததுபோல நான் வாழ்க்கையில் எப்போதும் பயந்ததில்லை. அந்தப் பயம் இன்னும் என்னை விட்டுப் போகவும் இல்லை. மைக்கில் இதைச் சொன்னால் கேட்கிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். அதனால் எழுதிவைக்கிறேன்.

இரத்தோட்டைக்கு மேலே, பஸ் திரும்பும் இடத்திலிருந்து இன்னும் ஏறிப் போகவேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். கைக்குழந்தை உள்ளவர்கள் பகலில் ஒருதரம் வந்து பால் கொடுப்பார்கள். மற்ற நேரமெல்லாம் பிள்ளைகள் என்னிடம்தான். ஊட்டுவேன், கழுவுவேன், தூங்கவைப்பேன், எழுத்துச் சொல்லிக்கொடுப்பேன். என் கணவருக்கு மாத்தளை டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கள் விடிய முதல் பஸ்ஸில் போய்விடுவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

நான் பிறந்தது சைவக் குடும்பத்தில். கணவர் வீட்டார் கிறிஸ்தவர்கள். கல்யாணம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு நானும் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டேன். யாரும் வற்புறுத்தவில்லை. நாங்கள் இருந்த லயத்தில், அந்த வரிசை வீடுகளில், கிறிஸ்தவ வீடு எங்களுடையது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை இரத்தோட்டையில் உள்ள எங்கள் சிறிய சபைக்குப் போய் வருவோம். 'அல்லேலூயா டீச்சர்' என்று சிலர் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். ஆனாலும் பிள்ளைகளை என் கையில் கொடுக்க யாரும் தயங்கியதில்லை.

ஒருநாள் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று வீட்டில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் கண்ணை மூடிக் கையைக் கூப்பி ஏதோ முணுமுணுத்திருக்கிறது. தகப்பன் என்னவென்று கேட்டதற்கு, "டீச்சர் இப்படித்தான்" என்றதாம். அன்று பின்னேரமே தோட்டத் தலைவர் என்னைத் தேடி வந்தார். தொழிற்சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், மாரியம்மன் கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். நல்ல உயரம். கோபம் வந்தால் குரல் தாழும். அன்றைக்குத் தாழ்ந்திருந்தது.

"டீச்சர், ஒங்க சாமிய நீங்க கும்புடுங்க. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பிள்ளைங்கள மாத்துற வேல இங்க வேணாம்."

நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, சாப்பிடும்போது நான் ஜெபம் செய்வதைப் பிள்ளை பார்த்திருக்கிறது, அவ்வளவுதான் என்றேன்.

"பிள்ளைங்க பாத்துத்தான் படிக்குதுங்க," என்றார். அது உண்மைதான். வேலை போய்விடுமோ, லயத்தில் யாரும் முகம் கொடுக்காமல் போய்விடுவார்களோ என்று பயந்துவிட்டேன். அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு முன்னால் கண்ணைத் திறந்துகொண்டே, மனதுக்குள் ஜெபம் செய்தேன்.

எங்கள் பாஸ்டரிடம் இதைச் சொன்னபோது அவர் வேறுமாதிரிச் சொன்னார். தாய்மார்கள் பெற்ற பிள்ளையையே என்னை நம்பி ஒப்படைக்கிறார்கள், அவ்வளவு செல்வாக்கு யாருக்குக் கிடைக்கும், அதை ஆண்டவருக்காகப் பயன்படுத்தாமல் மூடிவைப்பது சரியா என்று கேட்டார். அவர் கடிந்துகொள்ளவில்லை. அன்பாகத்தான் கேட்டார். லயத்துக்கு வந்தால் தலைவருக்குப் பயம், சபைக்குப் போனால் பாஸ்டரிடம் பயம். அப்படித்தான் சில மாதங்கள் போயின.

பிறகு அந்த மழை வந்தது. இரவும் பகலும் விடாமல் பெய்தது. மலையில் கொழுந்தெடுக்கும் வேலை நின்றது. பள்ளிக்கூடம் மூடினார்கள். எங்கள் லயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் உள்ள ஓடை பாலத்துக்கு மேலால் போனது. எங்கெங்கோ மண் சரிந்ததாகப் போனில் செய்திகள் வந்துகொண்டிருந்தன. கவனமாக இருக்கும்படி கிராம சேவகர் ஆள்விட்டுச் சொல்லியிருந்தார். பிறகு சிக்னலும் போனது.

ஒரு காலையில் மழை விட்டது. வானம் வெளுத்தது. ஆட்கள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். தாய்மார்கள் பிள்ளைகளை என்னிடம் விட்டார்கள். இத்தனை நாள் அறைக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகள் கூச்சல் போட்டு ஓடின. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

பால் காய்ச்சலாம் என்று பின்கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. மழையில் பலகை ஊறியிருக்கும் என்று நினைத்துத் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். திறந்தது. ஆனால் திரும்ப மூட முடியவில்லை. நிலை சாய்ந்திருந்தது. மேலே பார்த்தேன். சுவரில், சாமி படம் மாட்டியிருந்த ஆணிக்குப் பக்கத்திலிருந்து கீழே வரைக்கும் ஒரு வெடிப்பு. நேற்று அது இல்லை. வெளியே போய்ப் பார்த்தேன். காம்பராவுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டின் அடியிலிருந்து தண்ணீர் ஊறி வந்துகொண்டிருந்தது. அங்கே எந்தக் காலத்திலும் ஊற்று இருந்ததில்லை. வந்த தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. மேட்டில் நின்ற கொய்யாமரம் எங்களைப் பார்த்துக் குனிந்திருந்தது.

முந்திய வருடம் பள்ளிக்கூடத்தில் ஒரு உத்தியோகத்தர் வந்து மண்சரிவின் அடையாளங்களைப் படம் போட்டுக் காட்டியிருந்தார். நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டு கேட்டோம். கதவு இறுகும், சுவர் வெடிக்கும், புது ஊற்று கலங்கலாக வரும், மரம் சாயும். எல்லாம் என் முன்னால் இருந்தது.

அந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்றால், ஒன்றும் செய்யவில்லை. கால் அசையவில்லை. உள்ளே பிள்ளைகள் கத்துவது எங்கோ தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. "ஏசப்பா, ஏசப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை ஜெபம் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பதிலாகக் குரல் ஒன்றும் கேட்கவில்லை. சமாதானம் வந்தது என்று சாட்சிகளில் சொல்வார்களே, அதுவும் வரவில்லை. ஒரு கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் கால் அசைந்தது.

எங்கே கொண்டுபோவது? கீழே ஓடை. மேலே மலை. அந்தப் பக்கத்தில் மண் இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. லயத்தைத் தாண்டி, தேயிலைக்கு நடுவே தனியாக நின்ற ஒரு பெரும்பாறை. அதன்மேல்தான் மாரியம்மன் கோயில் கட்டியிருந்தது. மண்டபம் பெரியது. ஆனால் இரும்புக் கதவு பூட்டியிருக்கும். சாவி தலைவர் வீட்டில்.

தலைவர் மலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி, முழங்கால் வலியால் வேலைக்குப் போகாமல் இருந்தவர், வீட்டு முன் இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைவிட மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கோயில் சாவி வேண்டும், பிள்ளைகளை அங்கே கொண்டுபோகவேண்டும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"நெசமாவா டீச்சர்? மழதான் விட்டுருச்சே."

நான் அடையாளங்களை விளக்கியிருக்கவேண்டும். எனக்கு எதுவும் கோவையாக வரவில்லை. "எனக்குப் பயமா இருக்குக்கா," என்றேன். அழுதும் விட்டேன்.

அவர் கீரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். சாவியை எடுத்து மடியில் சொருகிக்கொண்டார். முழங்கால் வலியோடு என்னுடன் காம்பராவுக்கு வந்து ஒரு குழந்தையை இடுப்பில் தூக்கினார், இன்னொன்றைக் கையில் பிடித்தார். லயத்தில் இருந்த இரண்டு வயதான பெண்களையும் சத்தம் போட்டு அழைத்தார். நாங்கள் நாலு பேரும் திரும்பத் திரும்ப நடந்து எல்லாப் பிள்ளைகளையும் பாறைக்குக் கொண்டுபோனோம். மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

கடைசிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் படியேறும்போது தலைவர் மேலேயிருந்து ஓடிவந்தார். டீச்சர் கோயிலைத் திறந்து உள்ளே போகிறாள் என்று மலையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் முகத்தைப் பார்த்ததும் பின்னால் இருக்கும் மலைகூட எனக்கு மறந்துபோனது. அவருக்குத்தான் அதிகம் பயந்தேன்.

"யாரக் கேட்டு," என்று தொடங்கினார். அவர் மனைவி குறுக்கே வந்து, போய்ப் பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள் என்றார். தலைவர் எங்களை ஒருதரம் முறைத்துவிட்டு இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. மலையில் இருக்கிறவர்களை நேரே பாறைக்கு வரச் சொல்லி இரண்டு பேரை அனுப்பினார். பிறகு ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டினார்.

சிலர் வர மறுத்தார்கள். டீச்சர் கிளப்பிவிட்ட கதை என்றும் சொன்னார்களாம். ஆனால் தலைவர் சொன்னால் வரவேண்டும். பாத்திரங்கள், துணிமூட்டை, கோழி என்று தூக்கிக்கொண்டு ஆட்கள் ஏறி வந்தார்கள். மலையிலிருந்து தாய்மார்கள் ஓடிவந்து பிள்ளைகளைப் பறித்துக்கொண்டார்கள். பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகாத ஒரு பெண் படிக்குக் கீழே நனைந்தபடி நின்றாள். தீட்டு என்று கோயிலுக்குள் கால் வைக்கப் பயந்தாள். தலைவர் பின்னாலேயே வந்து, "அம்மா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா. ஏறு," என்றார். குடையை அவள் தலைக்கு மேலே பிடித்துப் படியேற்றிவிட்டார்.

பிறகு மேல் லயத்தின் கடைசி வீட்டில் பாரிசவாதத்தில் படுத்திருந்த ஒருவர் ஞாபகம் அவருக்கு வந்தது. அவரைத் தூக்க ஒரு ஆள் வேண்டும் என்றார். யாரும் அசைவதற்குள் தானே இறங்கிவிட்டார். ஓர் இளைஞன் பின்னால் ஓடினான். பாதி வழியில் தண்ணீர் பாதையை அறுத்துவிட்டதால் அவனால் தாண்ட முடியவில்லை. தலைவர் அதற்கு முன்பே தாண்டியிருந்தார்.

சத்தம் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். முதலில் கேட்டது மரங்கள் முறியும் சத்தம்தான், விறகு ஒடிப்பதுபோல. பிறகு பச்சை மண்ணின் வாசனை வந்தது, புதிதாகத் தோண்டிய குழியில் வருவதுபோல. தேயிலைச் செடிகள் நின்ற நிலையிலேயே நகர்ந்தன. நான் கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். ஒரு முழு மலைத்துண்டு செடிகளோடு வழுக்கி வந்து மேல் லயத்தின் மேல் ஏறியது. பிள்ளைக்காம்பரா நின்ற இடம் சேறாகிவிட்டது. எங்கள் வீடும் போனது. பாறை ஒருதரம் அதிர்ந்து நின்றது. பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயைப் பொத்தினதுபோல மௌனமாகிவிட்டன. பிறகு பெரியவர்கள் கத்த ஆரம்பித்தார்கள்.

ஆட்கள் இறங்கித் தேடப் பார்த்தார்கள். முழங்கால் வரை சேறு இழுத்தது. மேலே இன்னும் மண் விழுந்துகொண்டிருந்தது. திரும்பி ஏறினார்கள். மண்டபத்துக்குள் எல்லாரும் மாரியம்மனைக் கூப்பிட்டார்கள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கே நின்று என் ஆண்டவரைக் கூப்பிடலாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

தலைவரின் மனைவி என்னைத் தேடி அங்கே வந்தார். முந்தானை அவிழ்ந்து தரையில் இழுபட்டது. என் இரண்டு கையையும் பிடித்தார்.

"ஒங்க சாமிக்கிட்டயும் சொல்லுங்க டீச்சர். சத்தமா சொல்லுங்க."

எத்தனையோ தரம் நான் கற்பனை செய்த தருணம் அது. லயத்தில் யாராவது ஒருத்தர் என்னிடம் வந்து எனக்காக ஜெபம் செய் என்று கேட்கமாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். அது வந்தபோது எனக்கு ஓடிவிடவேண்டும்போல இருந்தது. நான் கேட்டு, தலைவர் திரும்பி வராமல் போனால்? இயேசு எங்களுக்கு உதவவில்லை என்று இந்த அக்கா காலத்துக்கும் நினைப்பாரே. வந்துவிட்டால், அவர் வந்ததற்குக் கூலியாக இவரை மதம் மாறச் சொன்ன மாதிரி ஆகிவிடுமே. அம்மன் சந்நிதியில் நின்று அல்லேலூயாக்காரி ஜெபம் செய்கிறாள் என்று கோயில் ஆட்கள் என்ன சொல்வார்கள். இவ்வளவும் ஒரு நொடியில் ஓடியது. அவர் கையை விடவில்லை. நான் கண்ணை மூடி வாய்விட்டு ஜெபம் செய்தேன். தகரக் கூரையில் மழை அடித்த அடியில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மறுநாள் பின்னேரம் படையினரும் கீழ்க் கிராமத்துச் சிங்கள ஆட்களும் மண்வெட்டியோடு வந்தார்கள். பாரிசவாதக்காரரும் தலைவரும் ஒரே இடத்தில் கிடைத்தார்கள். தலைவர் அவரை முதுகில் சுமந்திருந்தாராம். அந்தச் செய்தி மண்டபத்துக்கு வந்தபோது தலைவரின் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை.

எங்களை இரத்தோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். என் கணவர் மாத்தளையிலிருந்து பாதி தூரம் நடந்தே வந்து சேர்ந்தார். நான் உயிரோடு இருப்பதைப் பார்த்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். தாய்மார்கள் என்னிடம் வந்து காலைத் தொடப் பார்த்தார்கள். நான் விலகிக்கொண்டேன். ஆனால் அக்கா ஒரு வகுப்பறையின் மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் பார்க்காத நேரத்தில் சோற்றை வாசலில் வைத்துவிட்டு ஓடிவருவேன்; மற்றபடி அந்த அறை வாசலைக் கடக்கவேண்டி வந்தால் நான் கட்டடத்தைச் சுற்றிப் போவேன். நான் வந்து சாவி கேட்காமல் இருந்திருந்தால் தலைவர் மலையிலேயே இருந்திருப்பார். அவர்கள் வேலை செய்த மலைப்பக்கத்துக்கு எதுவும் ஆகவில்லை. அன்று வேலைக்குப் போன யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்கா இதை நினைத்துக்கொண்டுதான் படுத்திருக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

அந்த வாரத்தில் எங்கள் பாஸ்டர் ஒரு லொறி நிறையச் சாமானோடு வந்தார். கூடவே வெளியூரிலிருந்து பிரசங்கம் செய்கிற ஒரு ஊழியக்காரரும் வந்தார். நல்ல மனிதர், கண் கலங்கித்தான் எங்களைப் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு சிறு ஜெபக்கூட்டம் வைப்போம், அது முடிந்ததும் சாமானைக் கொடுப்போம், நான் கூப்பிட்டால் எல்லாரும் வருவார்கள் என்றார்.

"இந்தச் சனங்க மத்தியில ஒங்களுக்கு இருக்கிற செல்வாக்கு யாருக்கும் இல்ல சிஸ்டர். பயந்துபோயிருக்கிற நேரத்துலதான் மனசு தெறக்கும்."

பெரியவர்களை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். பாஸ்டரும் பக்கத்திலேயே நின்றார். 

"நானும் அந்தப் பயத்துலதாங்க இருக்கேன்," என்றேன். "இப்ப என்கிட்ட யாரு வந்து என்ன சொன்னாலும் தலையாட்டுவேன். மொதல்ல சாமானக் குடுத்துருவோம்ங்க."

அவர் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் என்னைப் பார்த்தார். சபையில் இனி எனக்கு இடம் இருக்குமா என்று நினைத்தேன். பாஸ்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் லொறியிலிருந்து அரிசி மூட்டையை இறக்க ஆரம்பித்தார். அன்று கூட்டம் நடக்கவில்லை.

அக்கா என்னிடம் பேசியது அதற்கும் சில வாரங்களுக்குப் பிறகு. பள்ளிக்கூடக் குழாயடியில் நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது எதிரே நின்றார். ஓடுவதற்கு வழி இல்லை. பக்கத்தில் இருந்த கல்லில் மெதுவாக உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நீங்க என்னா கேட்டீங்க? மழச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் வெளங்கல."

பொய் சொல்லத் தோன்றியது. அழகான ஜெபம் ஒன்றைச் சொல்லியிருக்கலாம்.

"அண்ணன உசுரோட கொண்டுவாங்கன்னு கேட்டேன்க்கா. அப்புறம், அப்படி இல்லாட்டி அக்காவ மட்டும் விட்டுறாதீங்கன்னு கேட்டேன்."

அவர் கையை நீட்டிக் குழாயை மூடினார். "மொதலாவது நடக்கல," என்றார். "ரெண்டாவது இன்னும் தெரியல."

நான் அழுதுகொண்டே, நான் வந்து சாவி கேட்காமல் இருந்திருந்தால் அண்ணன் பிழைத்திருப்பார் என்று சொல்லிவிட்டேன். தானும் அதை நினைத்தது உண்மைதான் என்றார் அவர். நினைத்து நினைத்து என் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் இருந்தது என்றார். பிறகு, பள்ளிக்கூட முற்றத்தில் ஓடித் திரியும் பிள்ளைகளைப் பார்க்கும்போது அந்த நினைப்பை முடிக்க முடிவதில்லை, பாதியில் நின்றுவிடுகிறது என்றார்.

எழுந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"கேட்டது கெடைக்கல. அப்புறமும் கும்புடுறீங்களே டீச்சர். ஏன்?"

சபையில் கற்றுக்கொடுத்த பதில்கள் எல்லாம் எனக்குத் தெரியும். அவற்றைச் சொல்லவில்லை. பயத்தில் கூப்பிட எனக்கு வேறு பெயர் வரவில்லை, அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்றேன். தனக்கு 'அம்மா' என்றுதான் வந்தது என்றார் அவர். கல்யாணமான புதிதில் வஹகோட்டை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி கொளுத்தியதையும், அங்கே சிலுவையில் தொங்கியவரைப் பார்த்து, பாவம், இவரையும் யாரும் காப்பாற்றவில்லையே என்று நினைத்ததையும் சொன்னார். அந்தக் கதை என்ன, அவருக்கு ஏன் அப்படி ஆனது என்று கேட்டார். துணி வாளியில் ஊறிக் கிடந்தது. எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். பிடிபட்ட இரவில் இயேசுவும் பயந்தார், அந்தச் சாவு தனக்கு வேண்டாம் என்று தகப்பனிடம் அழுது கேட்டார், அவர் கேட்டதும் கிடைக்கவில்லை என்று சொன்னபோது அக்கா நிமிர்ந்து பார்த்தார். அந்த இடத்தை இன்னொருதரம் சொல்லச் சொன்னார்.

தற்காலிக வீடுகள் கிடைத்த பிறகு நாங்கள் இரண்டு குடும்பமும் ஒரே வரிசையில் குடிவந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சபைக்குப் புறப்படும்போது அவரும் திருநீறு பூசிய நெற்றியோடு வாசலில் நின்றார். நான் கூப்பிட்டதில்லை. கூப்பிடத் துணிவும் எனக்கு இல்லை. அன்றிலிருந்து வருகிறார். வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போகிறார்.

செய்தி பரவியது. ஒரு காலையில் அவருடைய தம்பி கண்டிப் பக்கமிருந்து இரண்டு ஆட்களோடு வந்து என் வீட்டு வாசலை மறித்து நின்றார். கணவர் வேலைக்குப் போயிருந்தார். அத்தான் கோயில் தலைவராக இருந்து செத்தவர், அவர் பெண்டாட்டியை மாற்றுவதற்கு எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார். சத்தம் கூடக் கூட அக்கம்பக்கத்துக் கதவுகள் மூடின. கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கக்கூட முடியவில்லை. கூட வந்தவர்களில் ஒருவன் கூரைத் தகரத்தில் கையால் ஓங்கி அடித்தான். மண் சரிந்த சத்தத்தைவிட அந்தச் சத்தம் எனக்குக் கிட்ட இருந்தது.

அக்கா தன் வீட்டிலிருந்து நொண்டி நொண்டி வந்தார். தம்பிக்கும் எனக்கும் நடுவில் நின்றார்.

"என்னைய யாரும் கூப்புடல. நானாத்தான் போறேன். நாளைக்குப் போகாமயும் இருப்பேன். ஒனக்கு அதுல என்னா?" என்றார். "அத்தான் போனப்ப காரியத்துக்கு வந்து அன்னைக்கே போயிட்ட. அந்த மாசம் முழுக்க எனக்குச் சோறு கொண்டாந்து வச்சது இவதான். பயந்துக்கிட்டு வாசல்ல வச்சுட்டு ஓடிருவா."

நான் சோறு வைத்தது அவருக்குத் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தம்பி இன்னும் கொஞ்சநேரம் திட்டிவிட்டுப் போனார். திரும்ப வருவேன் என்றார். இதுவரை வரவில்லை. ஆனால் வாசலில் அன்னிய ஆண்குரல் கேட்டால் இன்றைக்கும் தாழ்ப்பாளைப் போட்டுவிடுகிறேன். மழை இரண்டு நாள் தொடர்ந்தால் சுவர்களைத் தடவிப் பார்க்கிறேன். பிள்ளைகளை இப்போது ஒரு சங்க மண்டபத்தில் வைத்துப் பார்க்கிறேன். அதன் பின்கதவை ஒருநாளும் மூடவிடுவதில்லை.

அக்கா எப்போது ஞானஸ்நானம் எடுப்பார் என்று சபையில் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விரும்புகிறவர்கள் வாய்விட்டு ஜெபம் செய்யலாம் என்று பாஸ்டர் சொன்னபோது, கதவுப் பக்கம் என்னருகே உட்கார்ந்திருந்த அக்கா தொண்டையைச் செருமினார். ஒருநாளும் அவர் அங்கே குரல் எழுப்பியதில்லை. எல்லாரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள்.

"அவருக்குக் குளிரு ஆகாது," என்றார். "அந்த மண்ணுக்குள்ள ரொம்ப நேரம் கெடந்துட்டாரு. அவரப் பாத்துக்குங்க."

எங்கள் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபம் செய்வதில்லை. அப்படிச் செய்யக்கூடாது என்று பிரசங்கமே கேட்டிருக்கிறேன். பாஸ்டர் இப்போது திருத்துவார், இவ்வளவு பேருக்கு முன்னால் அக்காவின் முகம் வாடும், எழுந்து போய்விடுவார், பிறகு வரமாட்டார் என்று பயந்தேன். பாஸ்டர் தலையைக் குனிந்தார்.

"ஆமென்," என்றார்.

நானும் சொன்னேன்.